நீல டிரம்முக்குள் ஓர் ஆடு

லூர்து ஆன்ட்டி டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டார்.

நான் மொட்டை மாடிப் படியில், கடைசிக்கு முந்தின படியில் நிற்கிறேன். கையில் புங்க எண்ணெய் பாட்டில். எனக்குப் பின்னால் துணி வாளியோடு என் மனைவி ஸ்டெல்லா. எதிரே மாடி மூலையில் நீல டிரம். அதன் மூடி கழற்றப்பட்டு சுவரில் சாய்ந்திருந்தது.

எழுபதைத் தாண்டிய வயதில், இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன எங்கள் ஹவுஸ் ஓனர், யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற நல்லெண்ணத்தில் தானே படியேறி வந்து, தானே மூடியைக் கழற்றி, தன் எவர்சில்வர் டம்ளரில் தானே மொண்டிருந்தார்.

கத்தினால் வீடு போகும், பின்னால் நிற்பவளிடம் மானம் போகும். கத்தாவிட்டால் ஆன்ட்டிக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

கத்திவிட்டேன்.

"ஆன்ட்டி! குடிக்காதீங்க! அதுல ஆடு இருக்கு!"

பொடுகு வந்த பை

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அரை நாள் உட்கார்ந்திருந்த கதையைப் போன மாதம்தான் எழுதினேன். இன்றுதான் கையில் பத்திரிகை கிடைத்தவர்களுக்காக: பெயர் ஆரோக்கியதாஸ். டெலிபோன் ஆபீஸில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவன். குடியிருப்பது பெங்களூர் காக்ஸ் டவுனில், மாடி போர்ஷன். கீழே லூர்து ஆன்ட்டி. ஸ்டெல்லா மூன்றாம் வகுப்பு டீச்சர்.

ஸ்டெல்லா என்னிடம் இதுவரை வாய்விட்டுக் கேட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருஷத்துக்கு ஒரு லெதர் ஹேண்ட்பேக். "நிஜ லெதர்ங்க. ரெக்ஸின் வேணாம்."

மாலுக்குப் போனேன். நிஜ லெதர் பையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். கரண்ட் கம்பியைத் தொட்டவன் மாதிரி கையை எடுத்துக்கொண்டேன். அந்த அனுபவமும் எனக்கு உண்டு என்பதால் சொல்கிறேன். பக்கத்து ஷெல்ஃபில், பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு பை இருந்தது.

"இது வீகன் லெதர் சார்" என்றாள் அங்கே நின்ற பெண்.

"அப்படின்னா?"

"நோ அனிமல் சார். ஆடு, மாடு எதுவும் இதுல இல்ல."

அதாவது தோலே இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே தெளிவாகப் புரிந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டுக்கு வந்து பையை நீட்டி, "லெதர்" என்று மட்டும் சொன்னேன். முதல் சொல்லை விழுங்கிவிட்டேன்.

ஸ்டெல்லா பையை முகர்ந்து பார்த்தாள், உள்ளே ஜிப்பையெல்லாம் திறந்து மூடினாள், ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "நல்லாருக்குங்க" என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் பை உரிய ஆரம்பித்தது. பரீட்சைப் பேப்பர் மேல், டிபன் பாக்ஸ் மேல், அவளுடைய வெள்ளைப் புடவை மேல் எல்லாம் கறுப்புச் செதில். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி, "ஸ்டெல்லா மிஸ், உங்க பைக்குப் பொடுகு வந்திருக்கு" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள் ஸ்டெல்லா அன்று சாயங்காலம், எனக்குத் தட்டு வைத்தபடி. "கடைக்காரன் எங்க வீட்டுக்காரரை நல்லா ஏமாத்திட்டான், அவரு ஒரு அப்பாவின்னு."

அப்பாவி என்கிற பட்டத்தையும் பருப்புச் சாதத்தையும் சேர்த்து விழுங்கினேன். சாதம் இறங்கிவிட்டது, பட்டம் இறங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்காகப் பரிந்து பேசிவிட்டு வந்து நிற்கிறாள். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன்: எப்படியாவது ஒரு நிஜத் தோல் பையை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பிரியாணிக்குப் போன இடத்தில்

பிரேசர் டவுன் நயாஸ் பாய் என்னோடு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பக்ரீத் அன்று பிரியாணிக்கு நான் அவர் வீட்டில் ஆஜராகிவிடுவேன். அந்த வருஷம் போனபோது, வாசல் ஓரத்தில் உப்பைத் தூவிச் சுருட்டின ஆட்டுத் தோல் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது.

"முந்தியெல்லாம் காலைலயே வந்து கேட்டு வாங்கிட்டுப் போவாங்க தாஸு" என்றார் பாய். "இப்போ சும்மா குடுத்தாக்கூட நக்கோ, வேணாங்கறான். என்னா பண்றது சொல்லு?"

என் தலைக்குள் ஒரு மணி அடித்தது.

"பாய், அதை எனக்குக் குடுங்க."

"ஏன்டா, பிரியாணி பத்தலையா?"

விஷயத்தைச் சொன்னேன். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நல்ல மனுஷராக, வாணியம்பாடியில் தோல் ஷெட்டில் வேலை பார்க்கும் தன் மச்சானுக்கு போன் போட்டார். மச்சான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். இன்றைக்கும் என் போனில் இருக்கிறது.

சாராம்சம் இதுதான். கெமிக்கல் எதுவும் வேண்டாம். முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடு. சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாள் போடு, முடி தானாகக் கழன்று வரும். உள்பக்கச் சவ்வை மழுங்கின கத்தியால் வழி. சுண்ணாம்பை வெளியேற்று. அப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணீர். முதலில் லேசாக, நாளாக நாளாகக் கெட்டியாக, மூன்று வாரம். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் சில நாள். எண்ணெய் தடவி நிழலில் இழுத்துக் கட்டிக் காயவை.

"ரொம்ப ஈசி சார்" என்று முடித்திருந்தார். பிறந்ததிலிருந்து அந்த வாசனையில் வளர்ந்தவருக்கு ஈசிதான்.

கம்போஸ்ட் என்னும் நல்ல காரியம்

பெங்களூரில் மொட்டை மாடியிலிருந்து நாற்றம் வந்தால் முன்பெல்லாம் சண்டை வரும். இப்போது மரியாதை வருகிறது. கம்போஸ்ட் போடுகிறார் போலிருக்கிறது, சுற்றுச்சூழல் மேல் அக்கறை உள்ள குடும்பம் என்கிறார்கள். நானும் ஒரு சாம்பல் நிற டிரம்மை மாடிக்கு ஏற்றி, "கம்போஸ்ட்" என்று அறிவித்துவிட்டு, அதற்குள் சுண்ணாம்பைக் கரைத்துத் தோலை முக்கினேன்.

ஸ்டெல்லாவுக்கு என் திடீர் பொறுப்பைப் பார்த்துக் கொஞ்சம் சந்தேகம்தான். அதோடு, "நாத்தத்துல நீ எதுக்கு வரணும், துணியெல்லாம் நானே காயப்போடறேன்" என்று வேறு சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் சொல்லாத வார்த்தை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பத்தாம் நாள் முடி கழன்றது. பி.வி.சி. குழாய் ஒன்றைச் சாய்த்து வைத்து, அதன் மேல் தோலைப் போர்த்தி, உள்பக்கச் சவ்வை வழிக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் பருந்துகள் அதிகம். கறிக்கடைக்காரர் வீசுகிற கொழுப்பைத் தின்று வளர்ந்த பருந்துகள் அவை. முதல் துண்டுச் சவ்வு கீழே விழுவதற்குள் ஐந்து பருந்து வட்டமடித்தது. ஒன்று என் உச்சந்தலையை உரசிக்கொண்டு போனது.

கீழே போய் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். அப்புறம் இரண்டு நாளும் ஹெல்மெட்டோடுதான் வேலை. எதிர் பில்டிங் பால்கனியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஐ.டி. பையன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அப்படியும் ஒரு பருந்து தோலில் நகத்தைப் போட்டு ஒரு ஓட்டை செய்துவிட்டுப் போனது.

சுண்ணாம்பை வெளியேற்ற அந்தக் காலத்தில் புறா எச்சம் போடுவார்கள் என்று மச்சான் சொல்லியிருந்தார். தவிட்டுத் தண்ணீரே போதும் என்றும் சொன்னார். ஆனால் தவிட்டை எங்கேயோ தேடிப் போக வேண்டும், புறா எச்சத்துக்கு இந்த ஊரில் பஞ்சமா? லூர்து ஆன்ட்டி வீட்டு சன்ஷேடு ஒவ்வொன்றிலும் ஒரு கை கனத்துக்குக் கிடந்தது. பிரஷ்ஷும் பக்கெட்டும் எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன்.

"வாட் மேன் தாஸ்! நான் சொல்லாமலே க்ளீன் பண்றியே!" ஆன்ட்டிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "முப்பது வருஷமா வாடகைக்கு விடறேன். உன் மாதிரி ஒரு டெனன்ட் வந்ததில்ல."

குற்ற உணர்ச்சியோடு பக்கெட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன்.

மூன்று கிலோ கடுக்காய்

சிவாஜி நகர் மார்க்கெட் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. கல்லாவில் இருந்தவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஆவாரம்பட்டை எவ்ளோ வேணும்?"

"பத்து கிலோ."

"எத்தனை பேருக்கு சார் சுகரு?"

"கொஞ்சம் பெரிய குடும்பம்" என்றேன். "கடுக்காய் ஒரு மூணு கிலோ."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடுக்காயின் மகிமை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு சிட்டிகைப் பொடியில் ஒரு ஆளின் வயிறு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாருமே எத்தனை நாளா போகாம இருக்காங்க?"

ஆட்டோவில் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கும்போது லூர்து ஆன்ட்டி கேட்டில் நின்றார். "என்ன மேன் மூட்டை?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆவாரம்பட்டை, ஆன்ட்டி. கஷாயம் போட. சுகருக்கு நல்லதாம்."

ஆன்ட்டிக்கு இருபது வருஷமாகச் சுகர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் டெய்லி ஒரு டம்ளர் குடேன், மை சன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு டிரம் ஆயிற்று. சாம்பல் டிரம் கம்போஸ்ட், நீல டிரம் கஷாயம். அப்படித்தான் இரண்டு பெண்களும் நம்பினார்கள். தினம் காலை ஆன்ட்டிக்கு நான் கொடுத்தது, சமையலறையில் தனியாக ஆவாரம்பூ போட்டுக் கொதிக்கவைத்த இரண்டு வாய்த் தண்ணீர். அதில் பயமில்லை. ஆட்டுத் தோல் மட்டும் நீல டிரம்மின் அடியில், மேலே ஒரு கல்லைச் சுமந்துகொண்டு, நாளுக்கு நாள் சிவந்துகொண்டே வந்தது.

ஓரத்தில் ஒரு துளி வெட்டிப் பார்த்தேன். நடுவரைக்கும் ஒரே நிறம், பட்டைச் சாறு உள்ளே வரை ஏறிவிட்டது. இது பை ஆகிவிட்டால் மூன்று வருஷத்துப் பொய்யும் உண்மை ஆகிவிடும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். பட்டைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடுக்காய்த் தண்ணீரை ஊற்றினேன்.

அந்த வாரம் பார்த்து எனக்குச் சளி, காய்ச்சல். மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஆன்ட்டிக்குக் கஷாயம் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. சனிக்கிழமை உடம்பு தேறியது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, ஸ்டெல்லாவுக்கு லீவு. தோலை வெளியே எடுக்கும் நாள் நெருங்கிவிட்டதே என்று புங்க எண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பினால், "காய்ச்சல்காரர் துணி காயப்போட வேணாம்" என்று ஸ்டெல்லா வாளியோடு கிளம்பி நிற்கிறாள். அவளை முந்திக்கொண்டு படியேறினேன்.

டம்ளர் கீழே இறங்குகிறது

"ஆடா?" என்றார் லூர்து ஆன்ட்டி. டம்ளர் உதட்டிலிருந்து அரை அங்குலம் விலகியிருந்தது. "எந்த ஆடு?"

"முழு ஆடு இல்ல ஆன்ட்டி. தோல் மட்டும்தான்."

ஆன்ட்டி டம்ளரைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், மெல்லத் தன் வயிற்றைத் தடவினார். "அப்போ நேத்திக்கும் முந்தாநேத்திக்கும் நான் குடிச்சது?"

"ரெண்டு நாளும் குடிச்சீங்களா?"

"உனக்கு ஃபீவர்னு ஸ்டெல்லா சொன்னா. எதுக்கு டிஸ்டர்ப் பண்ணணும்னு நானே வந்து எடுத்துக்கிட்டேன். வாயெல்லாம் இழுத்துப் பிடிச்சுது. சரி, மருந்து ஸ்ட்ராங்கா இருக்குன்னு நெனச்சேன். ரெண்டு நாளா பாத்ரூமை விட்டு வெளிய வர முடியல மேன்!"

சொல்லிக்கொண்டே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். திடீரென்று முகம் வெளிறியது. "தாஸ், என் வயிறு இப்போ லெதர் ஆகியிருக்குமா?"

நயாஸ் பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் மச்சானை லைனில் சேர்த்தார். இருவரும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் உருதுவில் குசுகுசுத்தார்கள். பிறகு பாய் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க. எதுக்கும் டாக்டரை ஒருவாட்டி பார்த்துடுங்க. அப்படியே வயிறு தோலாகியிருந்தாலும் இன்னும் முப்பது வருஷம் தாங்கும்."

இத்தனைக்கும் நடுவில் ஸ்டெல்லா வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஆட்டுத் தோல் எதுக்குங்க?" என்றாள்.

சட்டைக் கையை மடித்துவிட்டு டிரம்முக்குள் கையை விட்டேன். கல்லை நகர்த்தித் தோலை மேலே இழுத்தேன். பழுப்பும் மஞ்சளுமாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. நடுவில் பருந்து போட்ட ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

"உனக்குப் பை செய்ய."

"அந்தக் கடைக்காரன் ஏமாத்தினதுக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் எனக்காக வாசலைத் திறந்துவைத்திருந்தாள், நுழைந்தால் போதும். ஆனால் கையில் அந்தத் தோல் கனத்தது. சுண்ணாம்பில் வெந்த என் விரல் எல்லாம் எரிந்தது. ஐந்து வாரமாக நான் பட்ட பாடு ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான், அதற்காகப் புதிதாகக் கம்போஸ்ட், கஷாயம் என்று எத்தனை பொய் சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"கடைக்காரன் ஏமாத்தலை" என்றேன். "அந்தப் பொண்ணு வீகன்னு சொல்லித்தான் குடுத்துச்சு. தெரிஞ்சேதான் வாங்கினேன். உன்கிட்ட மறைச்சுட்டேன்."

ஆன்ட்டி தன் வயிற்றை மறந்துவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பாய் இன்னும் லைனில்தான் இருந்தார், மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

ஸ்டெல்லா வாளியைக் கீழே வைத்தாள்.

"உள் ஜிப்புல சீட்டு இருந்துச்சு" என்றாள். "பெருசா வீகன்னு போட்டு, பக்கத்துல ஒரு இலை படம். நீங்க குடுத்த அன்னைக்கே பார்த்துட்டேன்."

"அப்போ ஸ்டாஃப் ரூம்ல... கடைக்காரன் ஏமாத்திட்டான்னு..."

"பின்ன? என் வீட்டுக்காரர் பொய் சொல்லிட்டார்னு சொல்லணுமா?"

அதற்கு மேல் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். தோலைப் பிடித்தபடி நின்று அழுதேன். கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை, இரண்டு கையிலும் கடுக்காய்த் தண்ணீர்.

ஸ்டெல்லா பக்கத்தில் வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு தோலின் இன்னொரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"ஓட்டை வேற" என்றாள்.

"பருந்து" என்றேன்.

"அதுக்கா ஹெல்மெட்? எதிர் வீட்டுப் பையன் அம்மா என்கிட்ட, உங்க ஹஸ்பெண்டுக்கு உடம்பு எதாவதுன்னு விசாரிச்சாங்க."

பெஞ்சு முழுக்க எங்களுக்கே

ஆன்ட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. டாக்டரிடம் போய் வந்தார், ஒன்றும் இல்லையாம். ஆனால் அன்று முதல் என் வீட்டில் காப்பி கொடுத்தாலும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார். சன்ஷேடு துடைக்கும் வேலை நிரந்தரமாக என் தலையில் விழுந்தது.

தோலுக்கு எண்ணெய் தடவி, கட்டில் சட்டம் ஒன்றில் இழுத்துக் கட்டி, ஆடி மாதத்து மூட்டத்தில் வெயிலுக்கும் மழைக்கும் நடுவே உள்ளேயும் வெளியேயும் தூக்கித் தூக்கிக் காயவைத்தோம். இருவருமாகத்தான். பிரேசர் டவுன் முனையில் செருப்புத் தைப்பவர் பையைத் தைத்துக் கொடுத்தார். அழகு என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் விறைப்பு, மறு பக்கம் தொளதொளப்பு. ஓட்டை இருந்த இடத்தில் ஒரு பித்தளைப் பொத்தான்.

முதல் தடவையாக அதை அவள் மாதா கோயிலுக்கு எடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நனைந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, அந்த ஆடு இன்னும் முழுசாகப் போகவில்லை என்று. பூசை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எங்கள் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சு முழுக்க எங்களுக்கே. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன் வரிசையிலிருந்து ஸ்டெல்லாவோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி திரும்பினாள். பொடுகு என்று சொன்னவள் அவள்தான்.

"ஸ்டெல்லா மிஸ், என்ன இது, ஆட்டு வாசனை வருது?"

ஸ்டெல்லா பையைத் தூக்கி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"ஆடுதான்" என்றாள், நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி. "எங்க வீட்டுக்காரர் சொன்னா சொன்னதுதான்."